"எதுல செய்யணும் டீச்சர்?": வகுப்பு ப்ராஜெக்ட்டில் மாணவர்களே முடிவெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'தேர்வு' என்ற சொல்லில் ஒரு சங்கடம் இருக்கிறது. பிடித்ததை எடுத்துக்கொள்வதும் தேர்வு, பரீட்சையும் தேர்வு. "இந்த ப்ராஜெக்ட்டில் உங்களுக்குத் தேர்வு உண்டு" என்று முதல்முறை அறிவித்தபோது வகுப்பே வாடிப்போனது. அன்றிலிருந்து "எதில் செய்வது, யாருக்குச் சொல்வது என்று நீங்களே முடிவு பண்ணுங்க" என்று நீட்டி முழக்கித்தான் சொல்கிறேன்.

படித்ததை இன்னொருவருக்குப் புரியவைக்கும் ப்ராஜெக்ட்களைப் பற்றியே இந்தப் பக்கம் பேசுகிறது. ஒலிப்பதிவு, வீடியோ, ஸ்லைடு, சுவரொட்டி, படக்கதை, பேட்டி, கடிதம் எல்லாம் இதில் அடங்கும். சக ஆசிரியர்கள் கேட்டவை, பெற்றோர் கேட்டவை, பிள்ளைகள் கேட்டவை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.

தேர்வு கொடுப்பது என்றால், எந்த ஆப்பில் வேண்டுமானாலும் செய் என்று விட்டுவிடுவதா?

பெரும்பாலும் அப்படித்தான் ஆரம்பிக்கிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். "பவர்பாயிண்ட் அல்லது கேன்வா, உங்கள் இஷ்டம்" என்றேன். வந்தவை எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பாடப்புத்தகப் பத்தியை அப்படியே வெட்டி ஒட்டியிருந்தார்கள், பின்னணி நிறம் மட்டும் வேறு. பேனாவா பென்சிலா என்று கேட்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஒரு ப்ராஜெக்ட்டில் மாணவர் கைக்குப் போகக்கூடியவை பல: என்ன தலைப்பு, யாருக்காக, எந்த வடிவம், எந்தக் கருவி, தனியாகவா சேர்ந்தா. இவற்றில் 'யாருக்காக' என்பதை அவர்களிடம் விட்டால் மற்றதெல்லாம் தானாக மாறுகிறது. கருவியை மட்டும் விட்டால் ஒன்றும் மாறுவதில்லை. இதை நான் கற்றுக்கொள்ள இரண்டு வருடம் ஆனது.

ஒரு எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

நிலவின் பிறைகள். 29.5 நாளில் நிலவு தேய்ந்து வளர்வது ஏன் என்று விளக்க வேண்டும். இதில் எல்லா வகுப்பிலும் வருகிற ஒரு பிழை உண்டு. பூமியின் நிழல் விழுவதால்தான் பிறை உண்டாகிறது என்று பாதிப் பேர் எழுதுவார்கள். நிழல் விழுவது சந்திர கிரகணத்தில் மட்டும். பிறைக்குக் காரணம் வேறு: நிலவின் பாதிப்பக்கம் எப்போதும் வெயிலில்தான் இருக்கிறது, அந்த வெளிச்சப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான் நாள்தோறும் மாறுகிறது.

எல்லோருக்கும் ஸ்லைடு என்று சொன்ன வருடம், இணையத்திலிருந்து எடுத்த ஒரே படம் முப்பது பேரிடமிருந்தும் வந்தது. அடுத்த வருடம் "யாருக்கு விளக்கப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்" என்றேன். ஒருத்தி, பார்வையில்லாத ஒருவருக்கு ஒலிப்பதிவில் விளக்கப் போவதாகச் சொன்னாள். படமே காட்ட முடியாது. மூன்று நாள் முழித்தாள். கடைசியில் கொண்டுவந்த பதிவு இப்படித் தொடங்கியது: "ஒரு பந்தைக் கையில வெச்சுக்கிட்டு வெயில்ல நில்லுங்க. வெயில் படுற பக்கம் சுடும், மறுபக்கம் குளிர்ச்சியா இருக்கும். பந்து எப்பவும் பாதிதான் சுடும். இப்ப அந்தப் பந்தைச் சுத்தி விரலை நகர்த்திக்கிட்டே போங்க. உங்க விரல் தொடுற இடத்துல சூடு எவ்வளவு, குளிர் எவ்வளவுன்னு மாறிக்கிட்டே வரும்."

பூமியின் நிழல் என்ற பிழை அவள் பதிவில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வர வழியே இல்லை, அந்த விளக்கத்தில் நிழலுக்கு இடமில்லை. நான் அதைத் திருத்திக் கொடுக்கவில்லை, அவள் தேர்ந்தெடுத்த கேட்பவர் திருத்திக் கொடுத்தார்.

இதற்கெல்லாம் ஆய்வு ஆதாரம் ஏதாவது உண்டா, அல்லது உங்கள் அனுபவம் மட்டும்தானா?

உண்டு. ஆனால் அவை 'சுதந்திரம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லவில்லை.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் வளர்த்தெடுத்த கோட்பாடு ஒன்று இருக்கிறது. ஒருவருக்குச் செய்கிற காரியத்தில் உள்ளூர ஈடுபாடு வர மூன்று வேண்டும் என்கிறது அது: இது என் முடிவு என்ற உணர்வு, என்னால் முடியும் என்ற உணர்வு, என்னைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. நாம் முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறோம். வீடியோ எடுக்கவே தெரியாத பிள்ளையிடம் "வீடியோவும் எடுக்கலாம்" என்று சொல்வதால் என்ன ஆகப்போகிறது?

1996-இல் டயானா கார்டோவாவும் மார்க் லெப்பரும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தரும் கணினி விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். தங்கள் விண்கலத்துக்கு என்ன பெயர், எந்தச் சின்னம் என்பது போன்ற, கணக்குக்குச் சம்பந்தமே இல்லாத சின்ன விஷயங்களைத் தாங்களே முடிவு செய்த பிள்ளைகள் அதிக ஈடுபாட்டோடு விளையாடினார்கள், அதிகமாகக் கற்றுக்கொள்ளவும் செய்தார்கள். பெரிய சுதந்திரம் கொடுக்கப் பயமாக இருப்பவர்கள் இங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

2000-இல் ஷீனா ஐயங்காரும் அதே லெப்பரும் செய்தது இதற்கு நேரெதிர்ப் பக்கத்தைக் காட்டியது. கல்லூரி மாணவர்களிடம், விருப்பமிருந்தால் இரண்டு பக்கக் கட்டுரை எழுதலாம் என்றார்கள். ஒரு சாராருக்கு 6 தலைப்பு, இன்னொரு சாராருக்கு 30. ஆறில் ஒன்றை எடுக்கச் சொன்னவர்களில் 74 சதவீதம் பேர் எழுதிக் கொடுத்தார்கள், முப்பதில் ஒன்றை எடுக்கச் சொன்னவர்களில் 60 சதவீதம்தான். எழுதியவற்றின் தரமும் ஆறு தலைப்புக்காரர்களிடம் கொஞ்சம் மேலாக இருந்தது.

அப்படியானால் எத்தனை வடிவங்களைக் கொடுப்பது?

மூன்று. ரொம்ப ஆசையாக இருந்தால் நான்கு. கூடவே "உங்கள் சொந்த யோசனை இருந்தால் அரைப் பக்கம் எழுதி வந்து பேசுங்கள்" என்று ஒரு கதவு. அந்தக் கதவைத் தட்டுபவர்கள் வகுப்புக்கு ஒன்றிரண்டு பேர்தான், ஆனால் அந்த ஒன்றிரண்டு பேருக்காகவே அது திறந்திருக்க வேண்டும்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்று சிலர் கெஞ்சுகிறார்களே?

சொல்லிவிடுங்கள். அதில் தோல்வி ஒன்றுமில்லை. 1999-இல் ஐயங்காரும் லெப்பரும் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், அமெரிக்காவில் வாழும் ஆசிய வம்சாவளிக் குழந்தைகள் பலர், தாங்களே எடுத்ததைவிட 'அம்மா உனக்காக இதை எடுத்தார்' என்று சொன்னபோது அதிக ஊக்கத்தோடு செய்தார்கள். ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகளிடம் இது தலைகீழ். தானே முடிவெடுப்பது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் இனிக்காது. முதல் ப்ராஜெக்ட்டில் வடிவத்தை நான் சொல்லிவிட்டு, 'யாருக்கு' என்பதை மட்டும் அவர்களிடம் விடுவேன். அடுத்ததில் இரண்டையும்.

எல்லோரும் எது சுலபமோ அதையே எடுப்பார்களே?

எடுப்பார்கள். நாமும் அப்படித்தான். அதனால் சுலபமான வழி என்று ஒன்று இல்லாதபடி பட்டியலைப் போடுவதுதான் ஆசிரியரின் வேலை. என் கணக்கு ஏறக்குறைய இப்படி: 3 நிமிட ஒலிப்பதிவும், இரண்டு நிமிட வீடியோவும், 300 சொல் கட்டுரையும் ஒரே எடை. என் வகுப்பில் கடிகாரம் வைத்துப் பார்த்தவரை, பிள்ளைகள் நிதானமாகத் தமிழில் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு அக்கம்பக்கம் வருகிறது. அதனால்தான் 3 நிமிடத்துக்கு 300 சொல். ஸ்லைடு எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை, ஒரு ஸ்லைடில் 15 சொல்லுக்கு மேல் கூடாது. இந்த ஒரு வரியைச் சேர்த்த அன்றே ஸ்லைடு சுலபமான வழியாக இருப்பது நின்றுபோனது. பத்தியை ஒட்ட முடியாது, யோசித்துச் சுருக்க வேண்டும்.

முடிவெடுப்பதற்கு என்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டுமா?

ஒரு முழுப் பீரியட். அதை வீண் என்று நினைக்காதீர்கள். ஒரு தாளில் நான்கே கேள்விகள்: யாருக்குச் சொல்லப் போகிறேன்? அவருக்கு இதில் ஏற்கெனவே என்ன தெரியும்? அதற்கு இந்த வடிவம் ஏன் தோதானது? எனக்கு எது தடையாக வரலாம்?

மூன்றாவது கேள்விக்கு "ஏன்னா எனக்குப் பிடிக்கும்" என்று எழுதி வருவார்கள். திருப்பிக் கொடுப்பேன். "மூணாங்கிளாஸ் பசங்களுக்கு டார்ச்சும் பந்தும் வெச்சு நேர்ல காட்டுற மாதிரி இருந்தாதான் புரியும், எழுத்துல சொன்னா பாதியிலேயே போயிடுவாங்க, அதனால வீடியோ" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அந்தப் பதில் போதும், கையெழுத்துப் போட்டுவிட்டேன். நான்காவது கேள்விக்கு அவன் எழுதியது: "தம்பி நடுவுல கத்துவான்." அதுவும் உண்மையான திட்டமிடல்தான்.

ஒருவர் சுவரொட்டி, ஒருவர் வீடியோ. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மார்க் போடுவது எப்படி?

எல்லோரும் தடுமாறுகிற இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் வடிவத்துக்கு ஒரு மதிப்பீட்டு அட்டவணை என்று நான்கு தயாரித்தேன். வீடியோவுக்கு 'ஒளி', 'படத்தொகுப்பு', 'பின்னணி இசை' என்று கட்டங்கள். சுவரொட்டிக்கு 'வண்ணப் பொருத்தம்'. என்ன நடந்தது? ஒரு குழு கொண்டுவந்த இரண்டு நிமிட வீடியோவில் முதல் நாற்பது நொடி தலைப்பு மட்டும் சுழன்று சுழன்று வந்தது. பெயர்கள் பறந்து வந்து வெடித்தன. கடைசி முப்பது நொடி 'நன்றி' அட்டை. நடுவில் ஐம்பது நொடிதான் பாடம், அதிலும் ஒரு பிழை. என் அட்டவணைப்படி அவர்களுக்குத்தான் வகுப்பிலேயே அதிக மார்க். பிழை அவர்களுடையது அல்ல, கட்டம் போட்டவருடையது.

இப்போது எல்லா வடிவத்துக்கும் ஒரே அட்டவணை, மொத்தம் 20. பொருள் சரியாகவும் முழுமையாகவும் இருக்கிறதா என்பதற்கு 8. சொன்ன கேட்பவருக்கு ஏற்றபடி சொல் தேர்வும் எடுத்துக்காட்டும் இருக்கின்றனவா என்பதற்கு 5. எடுத்த வடிவத்தால் ஏதாவது லாபம் இருந்ததா என்பதற்கு 4. எங்கிருந்து எடுத்தேன், எதை மாற்றினேன் என்ற குறிப்புக்கு 3.

அந்த நான்கு மார்க்தான் முக்கியமான கட்டம். அதற்கு நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதையே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஒன்றும் குறையாது என்றால் பூஜ்யம். கேமராவுக்கு முன்னால் நின்று கட்டுரையை வாசிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். சூட்டையும் குளிர்ச்சியையும் வைத்துப் பேசிய பெண்ணுக்கு நான்குக்கு நான்கு.

பளபளப்புக்கு மார்க் கிடையாது என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகும் செய்வார்கள், செய்யட்டும், அது அவர்கள் சந்தோஷம்.

அட்டவணையை மாணவர்களோடு உட்கார்ந்து உருவாக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கட்டங்களின் பெயர்களைப் பேசி முடிவு செய்யலாம். ஆனால் 'பொருள்' கட்டத்தின் எடையை விட்டுக்கொடுக்காதீர்கள். கேட்டுப் பார்த்தேன், அதற்கு 3 மார்க் போதும் என்றார்கள்.

வீட்டில் போன் இல்லாத, இணையம் இல்லாத பிள்ளைகள்?

முதல் விதி, பட்டியலில் காகிதம் எப்போதும் இருக்க வேண்டும். கடைசி வரியில், 'முடியாதவர்களுக்கு' என்ற தொனியில் இருக்கக் கூடாது. முதல் வரியில், மற்றவற்றுக்குச் சமமாக இருக்க வேண்டும். கையால் வரைந்த படக்கதை 20-க்கு 19 வாங்குவதை வகுப்பு ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அதற்குப் பிறகு பேச்சே வேண்டாம்.

இரண்டாவது, வேலை பள்ளி நேரத்திலேயே முடியும்படி அளவை வையுங்கள். பள்ளியில் இரண்டு போனோ ஒரு கணினியோ இருந்தால்கூட, மூன்று நிமிட ஒலிப்பதிவுகளை முறைவைத்துப் பதிவு செய்ய ஒரு வாரம் போதும்.

மூன்றாவது, கோப்பின் அளவு. இதை யாரும் யோசிப்பதில்லை. ஒலிப்பதிவை 64 கேபிபிஎஸ் தரத்தில் எம்பி3 ஆகச் சேமித்தால் நிமிடத்துக்கு அரை எம்பிகூட வராது, மூன்று நிமிடம் ஒன்றரை எம்பிக்குள் முடிந்துவிடும். பேச்சுக்கு அந்தத் தரம் தாராளம். வீடியோவோ போனில் 1080பி-யில் எடுத்தால் நிமிடத்துக்கு 60 முதல் 130 எம்பி வரை போகும். இரண்டு நிமிட வீடியோவை அனுப்பச் சொல்வது ஒரு குடும்பத்தின் அன்றைய டேட்டாவில் ஒரு பங்கைக் கேட்பது போல. அதைவிடக் குறைந்த தரமான 720பி-யில் எடுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் பள்ளியிலேயே வயர் போட்டு நேரடியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவு தெளிவாக வருவதில்லை. நல்ல மைக் வாங்க வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி மைக் இல்லை, அறைதான். வெறும் சுவரும் ஓட்டைச் சன்னலுமாக இருக்கிற வகுப்பறையில் எந்த மைக் வைத்தாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்கும். துணி அடுக்கிய அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்துப் பேசினால் எதிரொலி அடங்கிவிடும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேரே பிடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் 'ப' வரும்போதெல்லாம் வெடிக்கிற சத்தமும் போய்விடும். போனை ஏரோப்ளேன் மோடில் போடச் சொல்ல மறக்காதீர்கள். அருமையான பதிவு ஒன்றின் நடுவில் யாரோ கூப்பிட்டுக் கெடுத்த கதை எல்லா வகுப்பிலும் உண்டு.

பேச்சுத் தமிழில் பதிவு செய்யலாமா, எழுத்துத் தமிழில்தான் இருக்க வேண்டுமா?

வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி மொழியையும் தேர்ந்தெடுப்பதாகிவிடுகிறது என்பதற்கு நம்மைவிட நல்ல சாட்சி யாருமில்லை. சுவரொட்டியில் 'பார்க்கிறோம்' என்று எழுதுகிற பிள்ளை, ஒலிப்பதிவில் 'பாக்குறோம்' என்று சொன்னால்தான் கேட்பவர் காது கொடுப்பார். எழுத்துத் தமிழைப் பார்த்து வாசித்தால் செய்தி வாசிப்பு போல இருக்கும், அதற்கும் இடம் உண்டு, ஆனால் மூணாங்கிளாஸ் பிள்ளைக்குக் கதை சொல்ல அது உதவாது.

நான் வைத்திருக்கும் வழக்கம்: எது வேண்டுமானாலும் சரி, ஏன் என்று திட்டத் தாளில் ஒரு வரி எழுத வேண்டும், நடுவில் காரணமில்லாமல் தாவக் கூடாது. பேட்டி எடுக்கும் பிள்ளைகள் கேள்வியை ஒரு தமிழில் கேட்டு, பதிலை வேறு தமிழில் வாங்கி, எழுதும்போது மூன்றாவது தமிழில் தருவார்கள். அதைப் பற்றி வகுப்பில் பேசினாலே ஒரு நல்ல மொழிப்பாடம் கிடைத்துவிடும்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. பேசினால் தானாகத் தட்டச்சாகும் வசதியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். எழுத்துத் தமிழுக்கு நெருக்கமாகப் பேசினால் ஓரளவு நன்றாக வரும், வட்டார வழக்கில் பேசினால் தடுமாறும். வந்ததை அப்படியே ஒப்படைக்காமல் வாய்விட்டுப் படித்துத் திருத்தச் சொல்லுங்கள்.

சில பிள்ளைகள் காட்சிவழிக் கற்பவர்கள், சிலர் செவிவழிக் கற்பவர்கள் அல்லவா? அதன்படி பிரித்துக் கொடுக்கலாமா?

வேண்டாம். ஹால் பாஷ்லரும் சக உளவியலாளர்களும் 2008-இல் இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, கற்றல் பாணிக்கு ஏற்றபடி கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "நீ செவிவழிக்காரன், ஒலிப்பதிவு செய்" என்பது முத்திரை குத்துவதுதான். வடிவத்தைப் பிள்ளையின் வகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சொல்ல வேண்டிய பொருளையும் கேட்பவரையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கூச்ச சுபாவமுள்ளவர்கள் எப்போதும் முகம் காட்டாத வடிவத்தையே எடுக்கிறார்கள். தள்ளிவிட வேண்டுமா?

தள்ளாதீர்கள். குரல் மட்டும் என்றால் சிலர் தாராளமாகப் பேசுவார்கள், பத்துத் தடவை அழித்துப் பதிவு செய்யலாம் என்ற தைரியம் அதற்குக் காரணம். மேடையில் அந்த வசதி இல்லை. ஆனால் ஒரு வருடத்தில் மூன்று ப்ராஜெக்ட் என்றால் ஒரே வடிவத்தை மூன்று முறையும் எடுக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறேன். வீடியோவிலேயே குடியிருப்பவர்களுக்கும் அது பொருந்தும், அவர்களுக்குத்தான் எழுதச் சொன்னால் கை நடுங்குகிறது.

மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களுக்கு இது உதவுமா?

வடிவத்தில் தேர்வு என்ற எண்ணமே பெரும்பாலும் அங்கிருந்துதான் வந்தது. 1984-இல் அமெரிக்காவில் தொடங்கிய காஸ்ட் என்ற அமைப்பு, எல்லோருக்குமான கற்றல் வடிவமைப்பு என்று ஒரு வழிகாட்டியை உருவாக்கியது. கற்றதை வெளிப்படுத்தப் பல வழிகள் இருக்க வேண்டும் என்பது அதன் தூண்களில் ஒன்று. எழுதச் சிரமப்படும் பிள்ளைக்குப் பேசும் வழி இருந்தால், அவனுக்கு அறிவியல் தெரியாது என்று நாம் தவறாக முடிவு கட்டமாட்டோம்.

கேட்கும் பக்கத்தையும் மறக்க வேண்டாம். வீடியோவுக்கு எழுத்துவரி (சப்டைட்டில்), ஒலிப்பதிவுக்கு எழுத்துப்பிரதி. ஸ்லைடில் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு தெளிவாக இருக்க வேண்டும். இணைய அணுகல் நெறிகள் சாதாரண எழுத்துக்கு இந்த வெளிச்ச வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5:1 இருக்கக் கேட்கின்றன. மஞ்சளில் வெள்ளை எழுதுபவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், உடனே சோதித்துப் பார்ப்பார்கள். தமிழ் எழுத்தைப் படமாக ஒட்டாமல் யூனிகோடில் தட்டச்சு செய்தால்தான் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அதைப் படிக்கும்.

ஏஐ எழுதிக் கொடுத்ததைக் கொண்டுவந்தால்?

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து இதைக் கேட்காத ஆசிரியர் இல்லை. கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி ஒரு பிள்ளையைக் குற்றம் சாட்டாதீர்கள், அவை தவறாகச் சொல்வது உண்டு.

நான் செய்வது பழைய காலத்து வைத்தியம். ஒப்படைத்த பிறகு ஆளுக்கு இரண்டு நிமிடம் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே கேள்வி: "இதையே உங்க பாட்டிக்குச் சொல்லணும்னா எந்த இடத்தை மாத்துவ?" தானே செய்தவர்கள் உடனே ஒரு இடத்தைக் காட்டுவார்கள், பலர் அதைப் பற்றி ஏற்கெனவே குறைபட்டுக்கொண்டிருப்பார்கள். செய்யாதவர்கள் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பிப்பார்கள்.

எதற்குப் பயன்படுத்தலாம் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பேட்டிக் கேள்விகளை யோசிக்க, எழுத்துவரியின் நேரத்தைச் சரிசெய்ய, சரி. பொருளை எழுத, கூடாது. பயன்படுத்தியதைக் குறிப்பில் எழுதினால் மார்க் குறையாது.

இணையத்தில் கிடைக்கும் படமும் பாட்டும் போடலாமா?

'இணையத்தில் கிடைத்தது' என்பது மூலம் இல்லை, அனுமதியும் இல்லை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002-லிருந்து இருக்கின்றன, விக்கிமீடியா காமன்ஸில் அப்படிப்பட்ட படங்கள் ஏராளம். யார் எடுத்தது, எந்த உரிமம் என்று இரண்டும் எழுதப் பழக்குங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடுவதை நான் ஏற்பதில்லை. உரிமைப் பிரச்சினை ஒரு பக்கம், பேசுவது காதில் விழாது என்பது இன்னொரு பக்கம்.

பிள்ளைகளின் முகமும் குரலும் வெளியே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். கோப்பு ஆசிரியரிடம் மட்டும் வரட்டும், பொதுவில் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை. பல சேவைகள் கணக்குத் திறக்கக் குறைந்தது 13 வயது கேட்கின்றன. பிள்ளைகள் பெயரில் கணக்குத் தேவைப்படாத கருவிகளாகப் பார்த்துப் பட்டியலில் போடுங்கள். வீடியோவின் பின்னணியில் வீட்டு முகவரியோ பள்ளி அடையாள அட்டையோ மாட்டியிருக்கிறதா என்று எடுப்பதற்கு முன் பார்க்கச் சொல்லுங்கள். வருட முடிவில் அழித்துவிடுங்கள்.

எனக்கே வீடியோ எடிட்டிங் தெரியாது. நான் எப்படிச் சொல்லித்தர?

சொல்லித்தர வேண்டாம். வகுப்பில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும், அவரை விட்டுப் பத்து நிமிடம் காட்டச் சொல்லுங்கள்.

குழு வேலையில் யார் முடிவெடுப்பது?

சத்தமாகப் பேசுபவர், வழக்கம்போல. அதைத் தடுக்க ஒரே வழி, திட்டத் தாளை முதலில் ஆளாளுக்குத் தனித்தனியாக எழுதவைத்து, பிறகு குழுவாகச் சேர்ப்பது. மூன்று பேருக்கு மேல் குழு போடாதீர்கள். நாலாவது ஆள் எப்போதும் 'பேக்கிரவுண்ட் பார்த்துக்கொண்டார்'.

நாற்பது பேருடையதையும் பார்க்க நேரம்?

ஆளுக்கு 3 நிமிடம் என்றால் 2 மணி நேரம். கட்டுரை திருத்துவதைவிடக் குறைவுதான். நேர வரம்பைத் தாண்டியதை நான் கேட்பதில்லை, 3 நிமிடம் ஆனதும் நிறுத்திவிடுவேன். முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டலாம் என்று யோசனை சொன்னார்கள். ஓட்டிப் பார்த்தேன், நிறுத்தி நிதானமாகப் பேசியவர்களின் நிதானம் தெரியாமல் போனது. விட்டுவிட்டேன்.

(ஒரு பெற்றோர்) இதெல்லாம் பரீட்சைக்கு உதவுமா?

2010-இல் எரிக்கா படாலும் சக ஆய்வாளர்களும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் வீட்டுப்பாடத்திலேயே எதைச் செய்வது என்ற தேர்வைக் கொடுத்துப் பார்த்தார்கள். தேர்வு இருந்த பாடப்பகுதிகளில் ஆர்வமும் கூடியது, அந்தப் பகுதிக்கான பரீட்சை மார்க்கும் கூடியது. அதற்காக வீடியோ எடுத்தால் நூறு வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன். பிறைக்குக் காரணம் நிழல் இல்லை என்பதை உங்கள் பிள்ளை இனி மறக்காது, அதை மட்டும் சொல்வேன்.

(ஒரு மாணவர்) எடுத்த பிறகு நடுவில் வடிவத்தை மாற்றலாமா?

ஒருமுறை மாற்றலாம், கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்புவரை. ஏன் மாற்றினாய் என்று குறிப்பில் எழுது. அந்த 3 மார்க்கில் நல்ல பகுதியைப் பலர் அங்கேதான் வாங்குகிறார்கள்.

ஒப்படைக்கும் நாளில் கோப்பு திறக்கவில்லை என்றால்?

கட்டாயம் நடக்கும். எடிட் செய்த ஆப்பின் கோப்பையே அனுப்பிவிடுவார்கள், எக்ஸ்போர்ட் செய்திருக்க மாட்டார்கள். வீடியோ என்றால் எம்பி4, ஒலி என்றால் எம்பி3, ஸ்லைடு என்றால் பிடிஎஃப் நகல் ஒன்று, இதை முதல் நாளே கரும்பலகையில் எழுதிவிடுங்கள். முந்தின நாள் வேறொருவர் போனில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அதையும் மீறி 'தம்பி நடுவுல கத்துவான்' என்று எழுதிய பையனின் வீடியோ வகுப்பில் திறக்கவில்லை. பையில் பந்தும் டார்ச்சும் இருந்தன. சன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு நேரிலேயே செய்துகாட்டினான். மார்க்கை அதற்கே போட்டேன். வீடியோ இரண்டு நாள் கழித்துத் திறந்தது. அதில் தம்பி கத்தத்தான் செய்தான்.